அழைப்பும் துறப்பும்: செராம்பூர் மொழிபெயர்ப்புப் பணியில் இல்லம் விட்டோரும் விடாதோரும்

1.0 முன்னுரை

இறைவனின் அழைப்பைக் கேட்டவன் ஊரையும் உறவையும் வாழ்க்கை வசதியையும் விட்டுப் புறப்படுகிறான் என்பது கிறித்தவச் சமய வாழ்வின் அடிப்படைக் கதையமைப்புகளுள் ஒன்று. தன் நாட்டையும் தந்தையின் வீட்டையும் விட்டுச் சென்ற ஆபிரகாம் பழைய ஏற்பாட்டிலும், வலைகளைக் கரையிலே போட்டுவிட்டுப் பின்சென்ற கலிலேய மீனவர் புதிய ஏற்பாட்டிலும் இதற்கு முன்மாதிரிகள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட மிஷனரிகளின் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் இக்கதையமைப்பையே பின்பற்றின. அழைப்பு, புறப்பாடு, துன்பம், பயன் என்னும் நான்கு படிகளில் அவை அமைந்தன.

இந்திய மொழிகளின் இலக்கண வரலாற்றையும் அகராதி வரலாற்றையும் மொழிபெயர்ப்பு வரலாற்றையும் எழுதுவோர் இவ்வாழ்க்கை வரலாறுகளையே முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளும் நிலை உள்ளது. அதனால், அழைக்கப்பட்ட ஒருவரே அனைத்தையும் துறந்து அனைத்தையும் செய்து முடித்தார் என்னும் தோற்றம் மொழி வரலாற்றினுள்ளும் புகுந்துவிடுகிறது. வங்காளத்தின் செராம்பூரில் பணியாற்றிய வில்லியம் கேரி (1761–1834) இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அவர் விட்டுவந்தவை எவை, அவருடைய துறப்பின் விலையில் ஒரு பங்கைச் செலுத்திய பிறர் யாவர், எதையும் விடாமலே அப்பணிக்கு உறுதுணையானோர் யாவர் என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2.0 ‘அழைப்பு’ என்னும் சொல்

கிரேக்கத்தில் ‘கலேயோ’ என்னும் வினை அழைத்தலைக் குறிக்கும். ‘க்ளேசிஸ்’ என்னும் பெயர்ச்சொல் அவ்வினையோடு தொடர்புடையது. திருச்சபையைக் குறிக்கும் ‘எக்லேசியா’ என்னும் சொல்லிலும் ‘வெளியே அழைத்தல்’ என்னும் பொருட்கூறு உண்டு. கிறித்தவத்துக்கு முன்னர் அது கிரேக்க நகரங்களில் குடிமக்கள் கூடும் அவையைக் குறித்தது. தமிழில் வழங்கும் ‘சபை’, ‘திருச்சபை’ ஆகிய சொற்கள் கூடியிருத்தலைக் காட்டுகின்றன; அழைக்கப்பட்டு வெளியேறுதலைக் காட்டுவதில்லை. மூலத்தில் ஒரே வேரால் இணைந்திருந்த இரு கருத்துகள் பெயர்ப்பில் பிரிந்து போயின.

செருமன் மொழியில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. லூத்தரின் விவிலியப் பெயர்ப்பில் ‘பெருஃப்’ என்னும் சொல் இறையழைப்பையும் அன்றாடத் தொழிலையும் ஒருங்கே குறிக்கலாயிற்று. மாக்சு வேபர் 1904–05ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தம் புகழ்பெற்ற ஆய்வில் இப்பொருள் மாற்றத்தை விரிவாக எடுத்துக்காட்டினார். இதன்படி செருப்புத் தைப்பவனின் தொழிலும் இறைவன் தந்த அழைப்பே. துறவி மட்டுமே அழைக்கப்பட்டவன் என்னும் கருத்து இங்கே விலகுகிறது.

தமிழில் ‘அழைப்பு’ என்பதன் உலக வழக்கு இதற்கு எதிர்த்திசையில் செல்வது. திருமண அழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு, அழைப்பிதழ் ஆகிய வழக்குகளில் அழைப்பு என்பது ஒருவரை வீட்டுக்குள் வரவேற்பதாகும். கிறித்தவ வழக்கிலோ அது வீட்டை விட்டு வெளியேறச் செய்வது. வீட்டை விட்டு வெளியேறுதலுக்குத் தமிழ் மரபு வைத்திருந்த சொல் ‘துறவு’. திருக்குறளின் அறத்துப்பால் இல்லறவியலையும் துறவறவியலையும் தனித்தனி இயல்களாக வகுத்துள்ளது. துறப்பவன் இல்லத்தின் பிணிப்பை அறுத்துத் தனியனாகிறான்.

மதுரைக்கு 1606இல் வந்த இராபர்ட் தெ நொபிலி போன்ற இயேசு சபையார் மணமாகாதவர்கள். அவர்களுடைய வாழ்க்கையைத் துறவு என்னும் சொல்லால் விளக்குவதில் இடர்ப்பாடு இல்லை. கேரி சார்ந்திருந்த பாப்திஸ்து மரபில் மடமும் இல்லை, மணவாமை நோன்பும் இல்லை. அங்கே அழைப்பு வந்து சேர்ந்தது ஓர் இல்லறத்தானுக்கு. அவன் இல்லத்தைத் துறக்கவில்லை. இல்லத்தையே உடன் கொண்டு புறப்பட்டான். கேரியின் வரலாற்றில் காணப்படும் சிக்கல்கள் பலவும் இவ்வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன எனலாம்.

3.0 புறப்பாடு

கேரி இங்கிலாந்தின் நார்தாம்டன்சயர் பகுதியைச் சேர்ந்த பாலர்சுபரி என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையில் செருப்புத் தைக்கும் தொழிலுக்குப் பயிற்சியாளராகச் சேர்க்கப்பட்டார். தொழிலிடையே இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், டச்சு, பிரெஞ்சு ஆகிய மொழிகளைப் பெரும்பாலும் தம் முயற்சியாலேயே கற்றார். பின்னர்ச் சிறு சபைகளில் போதகரானபோதும் வருவாய் போதாமையால் செருப்புத் தைத்தும் பள்ளி நடத்தியும் குடும்பத்தைக் காத்தார்.

அவர் 1792இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். பிற நாட்டினருக்கு நற்செய்தி அறிவிப்பது கிறித்தவரின் கடமை என்பதை உலக நாடுகளின் மக்கள்தொகை அட்டவணைகளோடு அது வாதித்தது. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் கெட்டரிங் நகரில் பாப்திஸ்து மிஷன் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே கேரி இந்தியாவுக்குப் புறப்படலானார்.

அவர் விட்டுச் சென்ற வசதி செல்வருடைய வசதி அன்று. லெஸ்டர் நகரச் சபையின் போதகர் பணி, நண்பர் குழு, தாய்மொழிச் சூழல், உறவினர் ஆகியவையே அவருக்கிருந்த வாழ்க்கைப் பாதுகாப்பு. கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமச்சீட்டு இல்லாமையால் முதலில் ஏறிய கப்பலிலிருந்து அவர் இறக்கப்பட்டார். இறுதியில் 1793 சூன் 13ஆம் நாள் டேனியக் கப்பல் ஒன்றில் புறப்பட்டு நவம்பர் 11ஆம் நாள் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

4.0 அழைப்பைக் கேளாத துணைவி

கேரியின் மனைவி டாரத்தி எழுதப் படிக்க அறியாதவர். 1781இல் நடந்த திருமணத்தின் பதிவேட்டில் கையெழுத்துக்கு மாறாகக் கீறல் குறியே இட்டார். இரு பெண்குழந்தைகளை இங்கிலாந்திலேயே இழந்தவர். 1793இன் தொடக்கத்தில் நிறைசூலியாக இருந்த அவர், இந்தியா செல்ல உறுதியாக மறுத்துவிட்டார். மூத்த மகன் ஃபீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு கேரி புறப்பட்டார். கப்பல் தடைப்பட்ட காலத்தில் டாரத்திக்கு மகப்பேறு நிகழ்ந்தது. உடன் செல்லவிருந்த மருத்துவர் ஜான் தாமசும் கேரியும் திரும்பி வந்து வற்புறுத்தினர். தம் தங்கை கேத்தரினும் வரவேண்டும் என்னும் கட்டுப்பாட்டின்மேல் டாரத்தி இசைந்தார். கைக்குழந்தையோடு அவர் கப்பலேறியது சில நாள் அவகாசத்தில் எடுத்த முடிவு.

வங்காளத்தில் முதலாண்டு வறுமையிலும் இடப்பெயர்ச்சியிலும் கழிந்தது. சுந்தரவனப் பகுதியில் சிலகாலம் தங்கிய பின், 1794இல் மால்டா வட்டாரத்து மட்னாபதியில் அவுரித் தொழிற்சாலையின் மேலாளர் பணி கேரிக்குக் கிடைத்தது. அவ்வாண்டே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்தான். அதனையடுத்து டாரத்தியின் மனநிலை திரிந்தது. கணவர்மேல் தீராத ஐயமும் சீற்றமும் கொண்டார். பல காலம் அறையில் அடைத்து வைக்கப்பட்டார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் இந்நிலையிலேயே வாழ்ந்து 1807 டிசம்பர் 8ஆம் நாள் செராம்பூரில் மறைந்தார். புதிய ஏற்பாட்டின் வங்கமொழி ஆக்கமும், வங்க இலக்கணமும், மராத்தி இலக்கணமும் இப்பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அதே வீட்டில் உருவானவை.

பழைய வாழ்க்கை வரலாறுகளில் டாரத்தி பெரும்பாலும் கணவரின் பொறுமைக்குச் சான்றாகவே இடம்பெறுகிறார். சில நூல்களில் அவர் பணிக்கு ஒரு தடை. அவரை மையமாகக் கொண்ட முழு வாழ்க்கை வரலாறு 1992இல்தான் வெளிவந்தது. டாரத்தி தம் கையால் எழுதி வைத்தது எதுவும் இல்லையாதலால், அவரைப் பற்றி அறியக் கிடைப்பன யாவும் பிறர் கடிதங்களும் நாட்குறிப்புகளுமே. அழைப்பின் வரலாறு அழைக்கப்பட்டவரின் எழுத்தால் மட்டும் அறியப்படும்போது நேரும் குறைபாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கேரி துறந்தது அவரே தேர்ந்தது. டாரத்தி இழந்ததோ மற்றொருவரின் தேர்வால் இழந்தது. இரண்டையும் ‘தியாகம்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பது பொருளியல் நோக்கில் பிழையாகும்.

5.0 ஆசிரியர் மாணவராதல்

கேரி விட்டவற்றுள் மொழியியலார் கருதத்தக்க மற்றொன்று உண்டு. சபை மக்களுக்குக் கற்பிக்கும் போதகராயிருந்தவர், முப்பத்திரண்டாம் வயதில் பேச்சுப் பழகும் மாணவரானார். அவருக்கு வங்கமொழி கற்பித்த முன்ஷி இராம் ராம் பாசு, முன்பே ஜான் தாமசுக்கு மொழி கற்பித்தவர்; பாரசீகமும் அறிந்தவர். கேரி குடும்பத்தோடு சுந்தரவனத்துக்கும் மட்னாபதிக்கும் சென்ற அவர், விவிலியப் பெயர்ப்பின் தொடக்கப் படிகளில் சொல்தேர்விலும் தொடரமைப்பிலும் துணைநின்றார். 1796இல் அவருடைய ஒழுக்கம் பற்றிய குற்றச்சாட்டால் விலக்கப்பட்டார். 1800இல் செராம்பூருக்கு மீண்டும் வந்து மிஷனுக்காகத் துண்டு வெளியீடுகள் எழுதினார். அடுத்த ஆண்டு வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்கமொழித் துறையில் சேர்ந்தார். அவர் எழுதிய ‘ராஜா பிரதாபாதித்ய சரித்திரம்’ 1801இல் அச்சேறியது. வங்காளி ஒருவர் இயற்றி வங்க எழுத்தில் அச்சான முதல் உரைநடை நூல் எனப் போற்றப்படுவது இதுவே.

இராம் ராம் பாசு கிறித்தவக் கருத்துகளைப் பாடலாக எழுதினார். இந்துச் சமய நடைமுறைகளைக் கண்டித்தும் எழுதினார். ஆயினும் 1813இல் மறையும்வரை திருமுழுக்குப் பெறவில்லை. சாதியையோ குடும்பத்தையோ அவர் விடவில்லை. மிஷனரிகளின் குறிப்புகளில் இது மனத்திண்மையின்மையாகவே பதிவாகியுள்ளது. மொழிபெயர்ப்பு வரலாற்றின் நோக்கில் வேறொரு முடிவுக்கு இடமுண்டு. தம் சமூகத்தினுள்ளேயே இருந்ததனால்தான் எந்தச் சொல் படித்தவர் அவையில் ஏற்கும், எந்தச் சொல் நகைப்புக்கு இடமாகும் என்பதை அவரால் சொல்ல முடிந்தது. வீட்டை விட்டு வந்தவருக்கு, வீட்டை விடாதவரின் மொழியறிவு இன்றியமையாததாயிற்று.

கேரியின் பெயரால் 1801இல் வெளிவந்த ‘கதோபகதன்’ என்னும் உரையாடல் நூல் இதனை மேலும் உறுதிப்படுத்துகிறது. கூலியாட்கள், மீன் விற்போர், கடன் கொடுப்போர், சண்டையிடும் பெண்கள் ஆகியோரின் பேச்சை அந்நூல் வழக்குநிலை குன்றாமல் தருகிறது. சமூகக் கிளைவழக்குகளை ஆராய்வோர்க்கு அது இன்றும் பயன்படும் கருவூலம். உரையாடல்களை இயற்ற உள்நாட்டு அறிஞர் சிலரை அமர்த்தியதாகக் கேரியே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் அவர்களின் பெயர்கள் அங்கு இடம்பெறவில்லை. அச்செழுத்து வெட்டியவர் பற்றியும் இவ்வாறே கூறலாம். ஹால்ஹெடின் வங்க இலக்கணத்துக்கு (1778) சார்லஸ் வில்கின்ஸோடு சேர்ந்து எழுத்து உருவாக்கிய பஞ்சானன் கர்மகார், செராம்பூர் அச்சகத்தின் தொடக்க ஆண்டுகளில் அங்கே பணியாற்றினார். அவருக்குப் பின் அவருடைய மருமகன் மனோகர் அத்தொழிலைத் தொடர்ந்தார். கொல்லர் மரபினராகிய இவர்களின் கைத்திறன் இல்லையேல் நூல்கள் அச்சேறியிரா.

6.0 வசதி மீண்டு வந்தபோது

துறந்த வசதி வேறு வடிவில் திரும்பி வருவதுண்டு. மட்னாபதியில் ஊதியம் கிடைத்ததும், இனித் தமக்குப் பணம் அனுப்ப வேண்டுவதில்லை எனக் கேரி சங்கத்துக்கு எழுதினார். சங்கத்தார் மகிழ்வதற்கு மாறாக, உலகத் தொழிலில் சிக்கி அழைப்பை மறந்துவிடக்கூடாது என எச்சரித்தனர். தொழிலும் அழைப்பும் ஒன்றே எனக் கொண்ட லூத்தரின் சொல்லாட்சி, மிஷன் பணியைப் பொறுத்தவரை அவர்களிடம் முழுமையாகச் செல்லுபடியாகவில்லை என்பதை இது காட்டுகிறது.

கம்பெனியின் ஆட்சிப் பகுதியில் மிஷனரிகளுக்கு இசைவு கிடைக்காத அக்காலத்தில் (1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டமே இந்நிலையை மாற்றியது), டேனியர் ஆட்சியில் இருந்த செராம்பூர் புகலிடமாயிற்று. தரங்கம்பாடியும் அந்நாளில் டேனியருடையதே. தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்த சீகன்பால்குவுக்கு இடமளித்த அரசுதான் வங்காளத்திலும் இடமளித்தது. கேரி 1800 சனவரியில் செராம்பூர் சேர்ந்தார். ஜோஷுவா மார்ஷ்மன் பள்ளியையும் வில்லியம் வார்டு அச்சகத்தையும் நடத்த, மூவரும் பொது உணவும் பொதுப் பணமுமாக வாழ்ந்தனர்.

வில்லியம் கோட்டைக் கல்லூரியில் 1801இல் கேரிக்கு ஆசிரியர் பணி வந்தது. அவர் ஆங்கிலத் திருச்சபையைச் சேராதவராதலால் பேராசிரியர் என்னும் பதவிப்பெயர் தொடக்கத்தில் வழங்கப்படவில்லை. ஆயினும் மாதம் 500 ரூபாய் என்பது அந்நாளில் பெருந்தொகை. 1807இல் பேராசிரியரானபோது அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. தம் தேவைக்குரிய சிறு பகுதி நீங்கலாக அதனைப் பொதுப்பணத்திலேயே சேர்த்தார். எவரும் தமக்கெனப் பொருளீட்டலாகாது என்னும் நெறியை 1805ஆம் ஆண்டு உடன்படிக்கையில் செராம்பூர் மிஷனரிகள் எழுதியும் வைத்தனர். மொழிபெயர்ப்புகளுக்கும் பண்டிதர் ஊதியத்துக்கும் அச்சுச் செலவுக்கும் இப்பணம் பயன்பட்டது. ஒருமுறை கப்பலேறி விட்டுவிடுவதைவிட, மாதந்தோறும் கைக்கு வருவதை மாதந்தோறும் விடுதல் கடினமானது. கேரியின் துறப்பு உண்மையில் நிலைபெற்றது இங்கேதான் எனலாம்.

அவருடைய மகன் ஃபீலிக்ஸின் வாழ்வு இதற்கு மறுபக்கம். 1807இல் பர்மாவுக்கு அனுப்பப்பட்ட அவர், பர்மிய மொழி இலக்கணம் ஒன்று எழுதினார். அது 1814இல் செராம்பூரில் வெளிவந்தது. அவ்வாண்டே அவருடைய மனைவியும் குழந்தைகளும் ஐராவதி ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்தனர். பின்னர் ஆவா அரசரின் தூதராகக் கல்கத்தா வந்து பகட்டாக வாழ்ந்தார். மிஷனரி என்னும் நிலையிலிருந்து தூதர் நிலைக்கு மகன் தாழ்ந்துவிட்டதாகவே தந்தை வருந்தினார். பதவியை இழந்து சில ஆண்டுகள் அலைந்த ஃபீலிக்ஸ், செராம்பூர் திரும்பி, உடற்கூற்றியலை வங்கமொழியில் எழுதினார். அறிவியல் கலைச்சொல்லாக்க வரலாற்றில் அந்நூலுக்குத் தனியிடம் உண்டு. அவர் 1822இல் மறைந்தார். எட்டு வயதுக்குள் தந்தையோடு கப்பலேற்றப்பட்ட ஒருவரை அழைப்பிலிருந்து வழுவியவர் எனக் கூறுமுன், அவ்வழைப்பு அவருடையதாக எப்போது இருந்தது எனக் கேட்பது பொருத்தம்.

7.0 கிருஷ்ண பாலின் துறப்பு

செராம்பூர் மிஷனில் முதலில் திருமுழுக்குப் பெற்ற இந்தியர் தச்சர் கிருஷ்ண பால். 1800 டிசம்பரில் அவர் மிஷனரிகளோடு ஒரே பந்தியில் உண்டார். செய்தி பரவியதும் கூட்டம் திரண்டு அவரை இழுத்துச் சென்று அதிகாரியின் முன் நிறுத்தியது. டேனிய ஆட்சியர் அவருக்குப் பாதுகாப்பளித்தார். அம்மாதம் 28ஆம் நாள் ஊக்ளி ஆற்றில் கேரி அவருக்கும் ஃபீலிக்ஸுக்கும் திருமுழுக்கு அளித்தார். அன்று டாரத்தி அறையில் அடைபட்டிருந்தார். மனநிலை பிறழ்ந்திருந்த ஜான் தாமசும் கட்டுக்காவலில் இருந்தார். ஆற்றங்கரைப் பாடலும் அறைகளின் கூக்குரலும் ஒரே நாளின் பதிவுகளாக நாட்குறிப்பில் அமைந்துள்ளன.

கிருஷ்ண பால் ஊரை விட்டுப் போகவில்லை, கடல் கடக்கவில்லை. ஆனால், ஒரு வேளை உணவால் சாதியையும் சுற்றத்தையும் இழந்தார். தொலைவை அளவாகக் கொண்டால் அவருடைய துறப்பு சிறியது. விலையை அளவாகக் கொண்டால் அது எவருடையதற்கும் குறைந்ததன்று. ‘எக்லேசியா’ என்னும் சொல்லின் ‘வெளியே அழைத்தல்’ என்னும் பழம்பொருள் அவரிடத்தில் முழுமையாகப் பொருந்துகிறது.

8.0 முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். செராம்பூரில் ‘அழைப்பு’ என்பது ஒருவரின் அகநிலை நிகழ்வாகத் தொடங்கினும், அதன் செயல்வடிவம் ஓர் இல்லத்தாலும் ஒரு பணிக்குழுவாலும் தாங்கப்பட்டது. துறவு மரபில் விலையைத் துறப்பவனே பெரிதும் செலுத்துகிறான். இல்லறத்தானின் அழைப்பில் மனைவியும் மக்களும் கேளாமலே பங்காளிகளாகின்றனர். விட்டுவந்தவரின் உழைப்பும் விடாதிருந்தவரின் மொழியறிவும் சேர்ந்ததன் விளைவே வங்க விவிலியமும் தொடக்ககால வங்க உரைநடையும்.

இம்முடிவு கேரியின் பெருமையைக் குறைப்பதன்று. 1812 மார்ச் 11ஆம் நாள் தீவிபத்தில் அச்சகம் அழிந்து, பல ஆண்டு உழைப்பின் பயனாகிய பன்மொழி அகராதியின் கையெழுத்துப்படியும் எரிந்துபோனபோது, ஐம்பது வயதைக் கடந்த அவர் எஞ்சியவற்றைக் கொண்டு பணியை மீண்டும் தொடங்கினார். முதற்பதிப்பின் வங்க நடை செம்மையுறாமை கண்டு புதிய ஏற்பாட்டை வாழ்நாள் இறுதிவரை திருத்திக்கொண்டேயிருந்தார். தம் மொழிபெயர்ப்பே முடிந்த முடிபு என்னும் மனநிறைவையும் அவர் விட்டார்.

இந்திய மொழிகளின் மிஷனரி இலக்கணங்களையும் பெயர்ப்புகளையும் ஆராய்வோர் தலைப்புப் பக்கத்துப் பெயரோடு நின்றுவிடலாகாது. முன்ஷிகள், பண்டிதர்கள், எழுத்து வெட்டியோர் ஆகியோரின் பங்கு முன்னுரைகளிலும் ஊதியக் கணக்குகளிலும் நாட்குறிப்புகளிலும் சிதறிக் கிடக்கிறது. அவற்றைத் தொகுப்பது மொழிபெயர்ப்பு வரலாற்றின் உடனடிக் கடமை. டாரத்தியைப் போல ஒரு வரியும் எழுதாது போனோருக்கு அத்தொகுப்பில் ஆசிரியப் பங்கு ஏதும் இராது. ஆயினும் அந்நூல்கள் எத்தகைய வீட்டில் எழுதப்பட்டன என்பதையும் அவற்றின் வரலாறு கூறுதல் வேண்டும்.